உங்கள் அம்மாவின் உதடு உரிந்த வருடம்

உங்கள் அம்மப்பா இறந்த மாரியில் பெய்தது போன்ற மழையை நான் பிறகு கண்டதில்லை. அப்போது நான் தலைமன்னார் பியரில், அதாவது கப்பல் துறையில், தனுஷ்கோடியிலிருந்து வருகிற கப்பலின் கயிற்றைப் பிடித்துக் கட்டுகிற வேலையில் இருந்தேன். தந்தியை அங்கேதான் கொண்டுவந்து தந்தார்கள். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்ச இங்கிலீசை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். விளங்கியதும் வீட்டுக்கு ஓடினேன். உங்கள் அம்மா மூத்தவளை மடியில் வைத்துக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "அப்புவோ?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று ரயில் ஓடவில்லை. வெள்ளம் பாதையை அரித்துக்கொண்டு போயிருந்தது. பாதையைத் திருத்திய பிறகு நாங்கள் மடு றோட்டுப் பக்கம் இருந்த அவளுடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, சேமக்காலையில் ஈர மண்ணைக் குவித்து அதன்மேல் ஒரு தடிக் குருசு நட்டிருந்தார்கள். அவ்வளவுதான் அவளுக்குப் பார்க்கக் கிடைத்தது.

பிள்ளைகளே, இது சாதாரணமான இழப்பு இல்லை என்பது உங்களுக்கு விளங்க வேண்டும். உங்கள் அம்மாவின் தாய் அவளைப் பெற்ற கையோடு போய்விட்டாள். அவளுக்குத் தாயும் தகப்பனுமாய் இருந்தவர் அந்த மனிதர்தான். வண்டில்காரர். மாட்டுக்குத் தவிடு குழைத்த கையைக் கழுவிவிட்டு வந்து மகளுக்குச் சோறு குழைத்துத் தீத்தியவர். அவருடைய முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் அவள் வாய் திறந்தாள்.

"ஒரு வருசம் கறுப்பு உடுப்பன்."

"ஆறு மாதத்தோட விடுற ஆக்களும் இருக்கினம்," என்றேன்.

"அவை முகம் பார்த்திருப்பினம்."



கறுப்புத் துணி புதிதாக வாங்குகிற வசதி அப்போது எங்களிடம் இல்லை. ஊரில் பலரும் செய்வது போல அவளும் இருந்த சீலைகளில் இரண்டை எடுத்து, மன்னார்க் கடைத்தெருவில் வாங்கிய சாயப்பொடியையும் உப்பையும் தகரத்தில் போட்டுக் காய்ச்சி, அதற்குள் அமிழ்த்திக் கறுப்பாக்கினாள். எங்கள் உவர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அந்தச் சாயம் நின்றுபிடிக்காது. கொஞ்ச நாளில் செம்பட்டை அடித்துவிடும். சிலர் அப்படியே உடுத்துக்கொண்டு திரிவார்கள். அவள் விடமாட்டாள். நிறம் மங்கத் தொடங்கினால் மறுபடி தகரத்தை அடுப்பில் ஏற்றிவிடுவாள். தகப்பனுக்குச் செய்கிற கடமை மங்கலாக இருக்கக் கூடாது என்று அவளுக்கு.

உதடு உரியத் தொடங்கியது மாசி மாதத்தளவில். முதலில் கீழுதடு காய்ந்தது. பிறகு வெங்காயச் சருகு போல மெல்லிய தோல் எழும்பியது. அதை அவள் பல்லால் இழுத்துப் பிய்ப்பாள். கீழே சிவந்த தோல் தெரியும், இரண்டு நாளில் அதுவும் காய்ந்து எழும்பும். பங்குனி பிறந்தபோது மேலுதடும் பிடித்துவிட்டது. விடியப்புறம் வாயைத் திறந்தால் வெடித்து இரத்தம் கசியும். கறி உறைப்பு பட்டால் கண் கலங்கிவிடும். செபமாலை சொல்லும்போது பாதியில் நிறுத்தி, கையால் வாயை மூடிக்கொள்வாள். எல்லாவற்றையும் விட, தொற்றிவிடுமோ என்ற பயத்தில் மூத்தவளை முத்தமிடுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை முகத்தைக் கொண்டுபோய்த் தாயின் வாயோடு ஒட்டும். இவள் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

உங்கள் பெரிய மாமி, என்னுடைய அக்கா, பக்கத்து வளவில் இருந்தா. நல்ல மனம், கூரான வாய்.

"தம்பி, இது உப்புக் காத்துமில்ல, தண்ணியுமில்ல. துக்கம். உள்ளுக்குக் கிடந்து காய்ச்சுது. அந்தச் சூடு உதட்டால வெளியில வருது."

"அதுக்கு என்ன செய்யிறது, அக்கா?"

"கறுப்பைக் கழட்டச் சொல்லு. கண்ணுக்கு முன்னால கறுப்பு நிண்டால் துக்கம் எப்பிடி ஆறும்? அவவின்ர அப்புவுக்கு மோட்சம் சீலையிலயோ கிடக்கு?"

குசினிக்குள் இருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது. "மச்சாள், உதடுதானே உரியுது. உரியட்டும்."

"உரிஞ்சு உரிஞ்சு கடைசியில பல்லுத்தான் மிஞ்சும், பார்த்துக்கொள்ளும்!"

அதற்குப் பிறகு உதட்டைப் பற்றிய கதை வந்தபோதெல்லாம் கறுப்பைப் பற்றிய கதையும் கூடவே வந்தது. அக்கா மட்டும் இல்லை, கோயிலுக்குப் போனால் அங்கேயும் யாராவது இரக்கப்பட்டு அதையே சொல்வார்கள். அவளுக்கு நோவைவிட அந்த இரக்கம்தான் பெரிய உபத்திரவமாக இருந்தது. சுகம் வராவிட்டால் எல்லாருமாகச் சேர்ந்து வருடம் முடியமுன் தன்னை வெள்ளைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயந்தாள். அந்தப் பயத்தை நான் கண்டேன். ஆகையால் எப்படியாவது இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் பிடித்தது.

செய்யாதது இல்லை. இரவில் தேங்காயெண்ணெய் பூசினோம். பசுநெய் பூசினோம். கற்றாழைச் சோற்றை வைத்தோம், அது சுணைத்து அரித்தது. வன்னிப் பக்கத்திலிருந்து வந்த தேன்மெழுகை எண்ணெயில் உருக்கிப் பூசியபோது இதமாக இருந்தது, ஆனால் மாறவில்லை. அக்கா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தா, நல்லெண்ணெய் வைத்து முழுகவார்த்தா. உங்கள் அம்மா கருவாட்டையும் மிளகாயையும் விட்டாள். வெள்ளைச் சோறும் மோரும் தின்று தின்று மெலிந்துபோனாள்.

கடைசியில் ஒரு நாள் லீவு கேட்டு அவளை மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நோயாளரைப் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா பொறுமையான மனிதர். யன்னல் வெளிச்சத்தில் அவளை நிறுத்தி, உதட்டை நெடுநேரம் பார்த்தார்.

"நாக்கால நனைக்கிறனீரோ?"

"காயேக்க நனைக்கிறனான், ஐயா."

"அது கூடாது. நனைச்சால் இன்னும் காயும். தோலையும் பிய்க்கக் கூடாது." பிறகு கேட்டார்: "வாயில என்னென்ன வைக்கிறனீர்? வெத்திலை?"

"மத்தியானத்தில மச்சாளோட கொஞ்சம்."

"பல்லுக்கு?"

"உமிக்கரியும் உப்பும்."

"வேறை? யோசிச்சுச் சொல்லும். ஏதோ ஒண்டு உதட்டில படுகுது. அதை விட்டால் மாறும்."

அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன். "வேறையொண்டும் இல்லை, ஐயா," என்றோம் இருவரும் ஒரே குரலில்.

அந்த மனிதர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்கு நாங்கள் சொன்ன பதில்தான் பிழை. ஆனால் பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது.

ஒரு சின்னக் குப்பியில் வெள்ளைக் களிம்பு தந்தார். வந்ததும் வெற்றிலையை விட்டாள். உமிக்கரியை விட்டு வேப்பங்குச்சிக்கு மாறினாள். நாக்கால் நனைக்கிற பழக்கத்தை நிறுத்த அரும்பாடுபட்டாள். களிம்பு பூசிய இரவு கொஞ்சம் ஆறும், மறுநாள் பின்னேரம் பழையபடி எரியும். வைகாசியில் சோளகக் காற்றும் எழும்பிவிட்டது. தென்மேற்கிலிருந்து மணலை அள்ளி முகத்தில் அடிக்கிற காற்று அது. "பார்த்தீரோ, இந்தக் காத்துத்தான்," என்றேன். "போன வருசமும் சோளகம் அடிச்சதுதானே? அதுக்கு முந்தின வருசமும் அடிச்சது. அப்ப ஏன் உரியேல்ல?" என்று கேட்டாள்.

ஆடித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனோம். காட்டுக்குள் குழை வெட்டிக் குடில் போட்டு, எல்லாரையும் போல அங்கேயே தங்கினோம். சனக்கூட்டத்தில் பெண்கள் தண்ணீருக்குப் போக இயலாது. ஆண்கள்தான் வாளியோடு போய் வரிசையில் நின்று கொண்டுவருவோம். உங்கள் அம்மா குடிலில் இருந்து சமைத்தாள், மற்ற நேரமெல்லாம் கோயிலில் முழங்காலில் இருந்தாள்.

கொடியேறிச் சில நாள் போக, அவளுடைய உதட்டில் புதிய தோல் பிடித்தது. திருவிழாப் பூசையன்று பாட்டுக்கு அவளும் வாய் திறந்து பாடினாள். அக்கா கண்ணீர் விட்டா. "மாதா கேட்டிட்டா, தம்பி. மாதா கேட்டிட்டா." நானும் அப்படியே நம்பினேன். மாதாவின் பேரில் மெழுகுதிரி கொளுத்தி, மடு மண்ணில் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

காட்டுத் தூசியும் குளத்துத் தண்ணீரும் பட்டுச் சீலை இரண்டும் வெளுத்துப் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன் அவள் சாயத்தைக் காய்ச்சி இரண்டையும் நன்றாகத் தோய்த்தாள். அடுத்த கிழமைக்குள் உதடு முன்னைவிட மோசமாகிவிட்டது. இந்த முறை வாயின் இடது பக்கத்து மூலையும் வெடித்தது. மடு மண்ணைக் குழைத்துப் பூசினாள். ஈரத்தை அது உறிஞ்சி, இன்னும் காய்ந்தது. அப்போது அக்கா, "விசுவாசம் காணாது போல," என்று மெதுவாகச் சொன்னது அவளுடைய காதில் விழுந்துவிட்டது.

எனக்கு அந்தச் சொல் தைத்தது. மாதா கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறவள் இல்லை. அப்படியென்றால் மடுவில் இல்லாத ஏதோ ஒன்று இங்கே வீட்டில் இருக்க வேண்டும் என்று யோசித்தேன். அங்கே சாப்பிட்டதும் இதே அரிசி. உடுத்ததும் இதே சீலை. பல் தீட்டியதும் வேப்பங்குச்சி. என்ன வித்தியாசம்?

கப்பல் பிந்திய ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வேலிப் படலையில் நின்று பார்த்தால் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து வருகிற மணல் பாதை தெரியும். உங்கள் அம்மா காற்றை எதிர்த்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம், மற்றக் கையில் வாளி. துக்கத்தில் இருக்கிற பெண் தலையை மூடாமல் வெளியில் போவதில்லை. காற்றோ முக்காட்டைப் பறிக்கிறது. பிடிக்கக் கை இல்லை. ஆகவே எங்கள் கரையில் தண்ணீர் சுமக்கிற பெண்கள் எல்லாரும் செய்கிறதை அவளும் செய்தாள். சீலைத் தலைப்பின் ஓரத்தை வாயின் இடது பக்கத்தில் கவ்விப் பிடித்திருந்தாள்.

அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் தாய் செய்து பார்த்திருக்கிறேன், அக்கா செய்து பார்த்திருக்கிறேன். மூச்சு விடுவதைப் போல அது ஒரு சங்கதி. வாயில் எதையோ வைப்பதாக எவரும் நினைப்பதில்லை.

அவள் குடத்தை இறக்கியதும் வழக்கம்போல முகம் கழுவப் போனாள்.

"நில்லும். கழுவாதேயும்," என்றேன்.

"ஏன்? என்ன நடந்தது?"

என் தோளில் இருந்த வெள்ளைத் துண்டின் நுனியால் அவளுடைய உதட்டை ஒற்றி எடுத்தேன். துண்டில் கறுப்புப் பிடித்திருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வாயில என்ன வைக்கிறனீர் எண்டு ஐயா கேட்டாரே," என்றேன்.

"இது வாயில வைக்கிறதோ? சீலையெல்லே!" என்றாள். பிறகு மெல்ல நிலத்தில் குந்திவிட்டாள். மடுவில் காற்று இல்லை, காடு மறைத்தது. தண்ணீரும் நான் சுமந்தேன். சாயம் புதிதாகப் போட்ட போதெல்லாம் ஏன் கூடியது என்பதும், ஏன் இந்த வருடம் மட்டும் என்பதும் அப்போது விளங்கிவிட்டன.

கண்டுபிடித்த சந்தோசம் அவளுடைய முகத்தில் இல்லை.

"அப்ப மச்சாள் சொன்னது சரிதானே," என்றாள். "கறுப்புத்தான் காரணம். இனி எல்லாரும் கழட்டச் சொல்லுவினம். நீங்களும் சொல்லுவியள்."

நான் அன்று பின்னேரமே பங்குச் சுவாமியாரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "செத்தவருக்கு வேண்டியது செபம். சீலையின் நிறத்தைப் பற்றித் திருச்சபை ஒரு கட்டளையும் வைக்கவில்லை. மனதில் பாரமில்லாமல் கழற்றச் சொல்லும்," என்றார்.

வந்து சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பாவமில்லை எண்டு எனக்கும் தெரியும். பாவத்துக்குப் பயந்து நான் உடுக்கேல்ல. அப்பு எனக்காக எத்தினை வருசம் தனிய இருந்தவர். மறு கலியாணம் முடிக்கச் சொல்லி எல்லாரும் கேட்டவை. வாறவள் பிள்ளைக்கு என்னமும் செய்துபோடுவாள் எண்டு முடிக்கேல்ல. நான் அவருக்கு ஒரு வருசம் உடுக்க மாட்டனோ?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள் பார்ப்போம்.

நான் முக்காட்டைச் சட்டையோடு குத்திவிட ஊசி வாங்கிக் கொடுத்தேன். சோளகம் ஒரே இழுப்பில் சீலையைக் கிழித்தது, ஊசி சீலையிலேயே தொங்கியது. அக்கா தலைப்பு ஓரத்தில் சாயமில்லாத வெள்ளைத் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கலாம் என்றா. "துக்கச் சீலைக்குக் கரை வைச்சு உடுக்கிறதோ, மச்சாள்? கலியாண வீட்டுக்கோ போறன்?" என்று அவள் மறுத்துவிட்டாள். கவ்வாமல் ஒரு நாள் போய்ப் பார்த்தாள். முக்காடு பறந்து முகத்தைச் சுற்றி, குடம் விழுந்து உடைந்தது.

அடுத்த நாள் விடிய நான் எழும்பிப் புதுக் குடத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் வீட்டுத் தண்ணீர் பெண்களின் வேலை. மனைவி படுக்கையில் கிடந்தால்கூட அயலில் ஒரு பெண் பிள்ளை கொண்டுவந்து கொடுக்கும். நடமாடுகிற மனைவி வீட்டில் இருக்க ஆம்பிளை குடம் சுமந்து கண்டதில்லை. கிணற்றடியில் என்னைக் கண்டதும் பெண்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"அண்ணை, குடத்தை இடுப்பில வையுங்கோ. தோளில வைச்சால் நீங்கள் முழுகிக்கொண்டுதான் வீட்டை போவியள்."

"ஆம்பிளையளுக்கு இடுப்பு எங்க கிடக்கு?" என்றாள் இன்னொருத்தி. அதோடு எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

முழுகிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். பாதித் தண்ணீர் மணலுக்கு, மீதி எனக்கு. பியரில் செய்தி எனக்கு முன்னே போய்விட்டது. "என்ன மச்சான், கப்பலுக்கும் நீதானோ தண்ணி ஏத்தப்போறாய்?" என்று கேட்டான் என்னோடு கயிறு பிடிக்கிறவன். "பொஞ்சாதி வேலைக்கு வந்து கயிறு பிடிக்கிறாவோ?" என்றான் மற்றவன். நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய கறுப்பு மறுபடி ஊர்வாயில் விழும். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

தண்ணீரை நான் எடுத்ததால் அவள் வெளியில் போகும்போது கை இரண்டும் சும்மா இருந்தன. முக்காட்டைக் கையால் பிடித்துக்கொண்டாள். ஆனால் பழக்கம் லேசில் விடவில்லை. கோயில் வளவில் காற்று அடித்தால் தலைப்பு தானாக வாய்க்குப் போகும். ஆண்கள் பக்கத்தில் நின்று நான் என் வாயில் விரலை வைத்துக் காட்டுவேன். உடனே விட்டுவிடுவாள். பார்த்தவர்கள் ஏதோ கதைக்க வேண்டாம் என்று நான் அடக்குகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது உதடு இப்படி விடாமல் உரிந்தால் பூசுகிற மருந்தை மட்டும் தேடாதீர்கள். தேன்மெழுகும் எண்ணெயும் பூசலாம், நல்லது. தோலைப் பிய்க்காதீர்கள், நாக்கால் நனைக்காதீர்கள். அதோடு அங்கே என்ன படுகிறது என்று பாருங்கள். நினைக்காமலே செய்கிற காரியங்களையும் சேர்த்துப் பாருங்கள். எங்களுக்கு அது தெரிய அரை வருடம் சென்றது.

புரட்டாதி முடிகிறபோது உதடு முழுதாக ஆறிவிட்டது. மூத்தவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு காலை அவளுடைய கன்னத்தில் தாய் வாயை வைத்து அழுத்தியபோது, பிள்ளை அசையாமல் இருந்தது, எங்கே முத்தம் திரும்பவும் நின்றுவிடுமோ என்பது போல. அதற்குப் பிறகும் சாயத் தகரம் அடுப்பில் ஏறியது. சீலை கடைசிவரை கரிக்கறுப்பாகத்தான் இருந்தது.

அடுத்த மாரியில், ஆண்டுப் பூசைக்கு அவளுடைய ஊருக்குப் போனோம். அந்த முறை பாதை அடைபடவில்லை. பூசை முடிந்து சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினோம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் மண்ணில் குந்தியிருந்து, முக்காட்டைக் கையால் பிடித்தபடி, தகப்பனோடு கதைக்கத் தொடங்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள். ஆனால் நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்பு, உங்கட மருமகன் குடம் சுமந்த கதையைக் கேளுங்கோவன். ஊரே சிரிச்சுது. முதல் நாள் வீட்டை வந்து சேரேக்க, குடத்துக்குள்ள ஒரு செம்புத் தண்ணியும் இல்லை..."

நான் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன்.